ஸ்டேஷன் எந்தப் பக்கம்?

திருப்பதியில் குடியிருப்பவனுக்கு வருடம் முழுவதும் விருந்தாளிகள்தான். நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேராவது ஆண்டுக்கு ஒரு முறை ஏழுமலையானைச் சேவிக்க வருகிறீர்கள். புறப்படுவதற்கு முதல் நாள் எனக்குத் தொலைபேசி வரும். "சார், தரிசனத்துக்கு ஏதாவது வழி உண்டா?" என்பதுதான் முதல் கேள்வி. அன்பர்களே, என்னிடம் சிபாரிசுக் கடிதம் கிடையாது. நான் ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். என்னைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், இறங்கினால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், வயதானவர்களை எப்படி அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வர வேண்டும் என்பவை. இதை யாரும் கேட்பதில்லை. கேட்காமல் வந்தவர்களில் என் சொந்த அக்காள் குடும்பமும் ஒன்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

என் பூர்வீகம் சித்தூர். அப்பா அங்கே வெல்ல மண்டியில் கணக்கு எழுதியவர். எழுபதுகளின் பின்பாதியில் திருப்பதி பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தபோது, சனிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை விடியலில் திரும்புவேன். அப்போது காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி என்று போகும் பாதை மீட்டர் கேஜ். பாகாலாவில் தர்மாவரம் வண்டிக்காகக் காத்து நிற்போம். எழுபது கிலோமீட்டர்தான் தூரம். அரை நாள் போய்விடும். இன்று அது அகலப்பாதை. சாலையும் அகலமாகிவிட்டதால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. காணிப்பாக்கம் சித்தூர் மாவட்டத்திலும், திருமலையும் காளத்தியும் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கின்றன. எங்களைப் போன்ற பழையவர்களுக்கு இரண்டும் ஒரே ஜில்லாதான்.

முதலில் ரேணிகுண்டா விஷயம். மும்பை, புனே பக்கத்திலிருந்து சென்னை செல்லும் பல வண்டிகள் திருப்பதிக்கு வருவதில்லை. ரேணிகுண்டா சந்திப்பில் நின்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விடும். அங்கிருந்து திருப்பதி சுமார் 10 கி.மீ. இது தெரியாமல் "திருப்பதி வரும், திருப்பதி வரும்" என்று தூங்கிக்கொண்டே அரக்கோணம் வரை போனவர்களை எனக்குத் தெரியும். நள்ளிரவில் ரேணிகுண்டாவில் இறங்கினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் விலை. குழந்தை குட்டிகளோடு வருபவர்கள் விடியும் வரை ஸ்டேஷனிலேயே இருந்துவிட்டுப் புறப்படுவது நல்லது. காலையில் பஸ்ஸும் உண்டு, திருப்பதி செல்லும் வேறு வண்டிகளும் உண்டு. விமான நிலையமும் ரேணிகுண்டா பக்கந்தான். சென்னைக்கு வந்து அங்கிருந்து வருபவர்களுக்குச் சப்தகிரி எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கே வந்து நிற்கும். டிக்கெட் எடுக்கும்போது இறங்குமிடத்தின் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

இனி ஊரின் அமைப்பு. திருப்பதி ஸ்டேஷனை விட்டு ஊர்ப் பக்கம் வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். எதிரே மலை தெரியும். அதுதான் வடக்கு. மலை தெரிகிற வரையில் திருப்பதியில் யாருக்கும் திசை தவறாது. ஸ்டேஷனை ஒரு கிலோமீட்டர் கல் மாதிரி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரிலேயே தேவஸ்தானத்தின் விஷ்ணு நிவாசம். சில நிமிட நடையில் கோவிந்தராஜப் பெருமாள் கோயில். கிழக்கே ஒரு கிலோமீட்டர் அளவில் பஸ் நிலையம். அதன் எதிரே சீனிவாசம் விடுதி. வடமேற்கே மலையடியில் கபில தீர்த்தம், அதைத் தாண்டி அலிபிரி. தென்கிழக்கே 5 கி.மீ. தொலைவில் திருச்சானூர். பட்டணம் முழுவதும் இவ்வளவுதான். விஷ்ணு நிவாசத்திலிருந்து கோவிந்தராஜர் கோயிலுக்கு ஆட்டோ கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டோக்காரரும் மறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டார்!

பஸ் நிலையம் என்று சொன்னேனே, அதில் ஒரு சங்கடம். அது ஒரே வளாகம். ஆனால் உள்ளே சீனிவாசா, ஸ்ரீஹரி, ஏடுகொண்டலு என்று தனித்தனிப் பஸ் ஸ்டாண்டுகள். எந்த ஊர் பஸ் எதில் நிற்கும் என்பதை உள்ளே விசாரணைச் சாளரத்தில் கேட்டுவிட்டு நடப்பது உத்தமம். பஸ்ஸின் பெயர்ப் பலகை பெரும்பாலும் தெலுங்கில் இருக்கும். நம் பிள்ளைகளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வருகிறது என்ற நிலையில் தெலுங்குக்கு எங்கே போவது? கவலை வேண்டாம். கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லிக் கூவுவார். பூ விற்கும் அம்மாளிலிருந்து விடுதிக் காவலாளி வரை இங்கே தமிழ் புரியாதவர் அபூர்வம். சித்தூரில் கேட்கவே வேண்டாம். ஒரே வாக்கியத்தில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஒரு வார்த்தையில் மட்டும் ஜாக்கிரதை. தெலுங்கில் "எந்த" என்றால் "எவ்வளவு" என்று பொருள். நீங்கள் "எந்த பஸ்?" என்று கேட்டு, அவர் டிக்கெட் விலையைச் சொல்லி, நீங்கள் அதை பஸ் நம்பர் என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பீர்கள். இப்படியும் நடந்திருக்கிறது.

2023-இல் திறந்த சீனிவாச சேது மேம்பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கபில தீர்த்தம் பக்கமிருந்து திருச்சானூர் சாலை வரை ஊருக்கு மேலேயே போய்விடலாம். காரில் வருபவர்களுக்குப் பெரிய வசதி. கட்டுமானத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷம். ஆனால் "பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடு" என்று சொல்லியிருந்தால், வண்டி பாலத்தில் ஏறும் முன்பே டிரைவரிடம் நினைவுபடுத்துங்கள்.

மலைக்குப் போகும் வழிகள் மூன்று. பஸ், சொந்த வண்டி, கால்நடை. பஸ் நிலையத்திலிருந்தும் ஸ்டேஷன் பக்கமிருந்தும் மலைக்கு பஸ்கள் தொடர்ந்து புறப்படும். 2022 முதல் மின்சார பஸ்களும் ஓடுகின்றன. புகையில்லாமல், சத்தமில்லாமல் அவை வளைவுகளில் ஏறுவது அழகு. மலைப்பாதைகள் இரண்டு. முதலாவது 1944-இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் திறந்தது. அதுவரை நடை, இல்லையென்றால் டோலி. இரண்டாவது 1974-இல் வந்தது. இப்போது புதியதில் ஏற்றம், பழையதில் இறக்கம். எதிரே வண்டி வராது. இருந்தாலும் வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்க, அலிபிரியில் நேரம் குறித்து மேலே சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. அலிபிரியில் எல்லா வண்டிகளையும் பெட்டிகளையும் சோதனை செய்வார்கள். கூட்ட நாளில் அங்கேயே ஒரு மணி நேரம் போகலாம். ரயிலுக்கு நேரம் கணக்கிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. 2021 டிசம்பரில் ஏற்றப் பாதையில் பாறை சரிந்து போக்குவரத்து நின்றது. அதற்கு முந்திய மாத வெள்ளத்தில் ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சேதமாகி, 2022 மே மாதந்தான் திறந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

நடப்பவர்களுக்கு இரண்டு பாதைகள். அலிபிரிப் பாதை 3,550 படிகள், ஏறக்குறைய 9 கி.மீ. காளி கோபுரம் வரை மூச்சு வாங்கும். பிறகு வெகுதூரம் சமமாகப் போகும். "இனி சுலபம்" என்று நினைக்கும்போது கடைசியில் முழங்கால் முறிச்சான் என்று சொல்லும்படி மோக்காலு மெட்டு வரும். ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று முழங்காலிட்டு ஏறினார் என்பது ஐதிகம். ஸ்ரீவாரி மெட்டு, சந்திரகிரிப் பக்கம் சீனிவாச மங்காபுரத்தை அடுத்தது. 2,388 படிகள், 2 கி.மீ.க்குச் சற்று அதிகம். குறுகிய வழிதான், ஆனால் செங்குத்து. இரண்டு இடங்களிலும் மூட்டையை அடிவாரத்தில் ஒப்படைத்தால் மேலே வந்து சேரும், ரசீதைத் தொலைக்காதீர்கள். முன்பெல்லாம் அலிபிரியில் இரவு முழுவதும் ஏறலாம். 2023 ஆகஸ்டில் ஒரு சிறு பெண்குழந்தையைச் சிறுத்தை கொண்டுபோனதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதன்பின் நேரக் கட்டுப்பாடு வந்தது. குழந்தைகளோடு செல்வோருக்குப் பிற்பகலில் தடையும் போட்டார்கள். விதி அவ்வப்போது மாறும். விதி எதுவானாலும், பிள்ளைகளோடு நடப்பதானால் விடியற்காலையில் தொடங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு போங்கள். பிள்ளைகள் முன்னால் ஓடுவதை அனுமதிக்காதீர்கள்.

இப்போது அக்காள் கதை.

நான் ஓய்வு பெற்ற ஆண்டு, 2019 டிசம்பர். நாக்பூரிலிருந்து அக்காள், அவள் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அக்காளுக்கு அப்போது எழுபத்து நான்கு. சின்ன வயதில் அப்பாவோடு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு திருப்பதிக்கு வந்ததேயில்லை. காலையில் காப்பி குடிக்கும்போதே, "ஏன்டா தம்பி, இங்கேயிருந்து ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். "ஸ்டேஷன் உனக்கு எதுக்குக்கா? மலைக்கு பஸ் ஸ்டாண்டிலே ஏறணும்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அன்று பல் வைத்தியரிடம் போக வேண்டியிருந்ததால் அவர்களோடு போகவில்லை.

மேலே வரிசையில் நுழையும்முன் கைபேசியை ஒப்படைத்தாக வேண்டும். மருமகன் கெட்டிக்காரன், "யாராவது பிரிந்து போனால் பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தான். திருமலையில் பாலாஜி பஸ் ஸ்டாண்ட் என்று ஒன்று, ராம்பகீச்சா என்று இன்னொன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. தரிசனம் முடிந்து வெளியே வரும் நெரிசலில், இவன் சின்னவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான். திரும்பிப் பார்த்தால் அக்காளைக் காணோம். இவர்கள் பாலாஜி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்க, "பஸ் ஸ்டாண்ட் எங்கே?" என்று கேட்ட அக்காளை யாரோ ஒரு புண்ணியவான் அன்பாக ராம்பகீச்சாவுக்கு அழைத்துப்போய் விட்டிருக்கிறார்.

மாலை நான்கு மணிக்கு எனக்கு போன். ஒலிபெருக்கியில் அக்காள் பெயரைச் சொல்லித் தமிழிலும் தெலுங்கிலும் கூப்பிட்டாயிற்றாம். பதிலில்லை. அக்காளிடம் கைபேசி கிடையாது, யாருடைய நம்பரும் மனப்பாடம் கிடையாது, சர்க்கரை வியாதிக்காரி. நான் ஓடினேன். இறங்குகிற பஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். சீனிவாசாவில் நின்றால் ஏடுகொண்டலுவில் இறங்கிவிடுவாளோ, அங்கே போனால் இங்கே வந்துவிடுவாளோ என்று பைத்தியம் பிடித்தவன் போல நடந்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நள்ளிரவில் தண்டவாள விரிசல் தேடிப் போனவன்தான். அன்றைக்குப் பட்ட பயம் எந்த இரவிலும் பட்டதில்லை.

ஆறு மணிக்கு மேல்தான் காலையில் அவள் கேட்ட கேள்வி பொறி தட்டியது. சின்ன வயதில் அப்பா எங்களைத் திருப்பதிக்குக் கூட்டி வரும்போதெல்லாம், சித்தூரில் வண்டி ஏறும்போதே சொல்லுவார்: தொலைந்து போனால் எங்கேயும் தேடக் கூடாது, ஸ்டேஷனுக்கு வந்து நிற்க வேண்டும், நம் வண்டி அங்கிருந்துதானே கிளம்பும். எனக்கு அது சுத்தமாக மறந்துவிட்டது. அந்த ஸ்டேஷனிலேயே எத்தனையோ தடவை வேலை பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டது.

முதல் நடைமேடை பெஞ்சில், மடியில் லட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தில் டிக்கெட் எடுத்து, "ஸ்டேஷன் வந்தால் சொல்லுப்பா" என்று கண்டக்டரிடம் சொல்லி இறங்கியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "நாலரை மணியிலேருந்து உக்காந்திருக்கேன். அப்பா சொன்னது உனக்கு மறந்துபோச்சாடா?" என்றாள். என்ன பதில் சொல்ல?

அன்றிலிருந்து என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு காரியம் செய்கிறேன். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும், பெண்களானால் கைப்பையிலும், பெயரும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய சீட்டு. மலையில் சந்திக்கும் இடத்தைப் பெயர் சொல்லித் தீர்மானிப்பது. வெறும் பஸ் ஸ்டாண்ட் என்று சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மணி நேரத்தில் சந்திக்க முடியாவிட்டால் எல்லாரும் கீழே வந்து ஸ்டேஷன். மலையின் மேல் இலவசமாகச் சுற்றும் தர்ம ரதம் பஸ்களில் ஏறும்போதும் எல்லாரும் ஏறியாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் விட்டுப்போவது அங்கேதான் சகஜம்.

கூட்டம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகக் கீழ்த் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் மலையில் அல்ல, ஊருக்குள். வைகுண்ட ஏகாதசி, புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் கருட சேவை, இந்த நாட்களில் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்து வராதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பெருமாள் ஆடி மாதத்திலும் அங்கேதான் இருக்கிறார். டோக்கன் எங்கே, எத்தனை மணிக்கு என்பது அடிக்கடி மாறுகிறது. போன வருடம் வந்தவர் சொன்னதை நம்பாமல் தேவஸ்தானத்தின் விசாரணை இடத்தில் கேளுங்கள்.

அறை கிடைக்காத நாட்களில் சித்தூரில் தங்குவது எனக்குப் பிடித்த யோசனை. எங்கள் ஊர் என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவுந்தான்). பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு வழியில் இருக்கும் ஊர். காட்பாடி 35 கி.மீ.; வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு அப்படியே மலைக்கு வருகிறவர்களுக்கு மிகவும் வசதி. அங்கிருந்து காணிப்பாக்கம் விநாயகர் கோயில் 12 கி.மீ.க்குள், பஸ்ஸுக்குக் குறைவில்லை. கிணற்றுக்குள், நீரிலேயே இருக்கும் சுயம்பு விநாயகர். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில் என்பார்கள்.

திருப்பதியில் ஒரு நாள் மிச்சமிருந்தால், பெரும்பாலோர் காளத்திக்குப் போவார்கள். சுமார் 38 கி.மீ., போய்வர அரை நாள் போதும். எனக்குக் கேட்டால் சந்திரகிரியைச் சொல்லுவேன். சென்னை நகரம் பிறக்கக் காரணமான 1639-ஆம் ஆண்டு மானியத்தோடு பெயர் சேர்ந்த ஊர். விஜயநகர அரசர்களின் ராஜ மகால் இப்போது அருங்காட்சியகம். பிள்ளைகள் ஓடியாட இடமுண்டு, நெரிசலில்லை. இன்னும் ஆர்வமுள்ளவர்கள் ரேணிகுண்டாவுக்கு அப்பால் குடிமல்லம் போகலாம். அங்குள்ள லிங்கம் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். பஸ் குறைவு, ஆட்டோவைத் திரும்பி வரும்வரை பேசி அமர்த்திக்கொள்ளுங்கள். திருப்பதியிலிருந்து சித்தூர் பக்கம் ரயிலில் போனால் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சந்திரகிரி வரை மலை கூடவே வரும்.

அக்காளுக்கு எண்பது ஆகிறது. வருகிற தையில் மறுபடி வரப்போகிறாளாம். போன வாரம் போனில், "ஸ்டேஷனை இடிச்சுக் கட்டறாங்களாமே, வாசல் எந்தப் பக்கம் வச்சிருக்காங்க?" என்று கேட்டாள். புதுப்பிக்கும் வேலை தொடங்கிய பிறகு நான் அந்தப் பக்கம் சரியாகப் பார்த்ததில்லை. நேற்று போய் எல்லா வாசல்களையும் நடந்து பார்த்து, ஒரு காகிதத்தில் படம் வரைந்து நாக்பூருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.